விலாவில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு கொப்புளங்கள்: அக்கி எழுதினால் போதுமா, டாக்டரிடம் போக வேண்டுமா?

காட்பாடியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு வலது விலாவில் முதலில் எரிச்சல், நேற்றிலிருந்து நீர்க்கொப்புளங்கள் என்கிறீர்கள். உடம்புச் சூடுதான், அக்கி எழுதினால் இறங்கிவிடும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்களாம். தயவுசெய்து இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மீதியை வழியில் படித்துக்கொள்ளலாம்.

வேலூர் வெயிலில் உடம்பில் எது புறப்பட்டாலும் சூடு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அக்கிக்குக் காரணம் சின்னம்மை வைரஸ். சிறு வயதில் அம்மை இறங்கிய பிறகும் அது முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும். வயதாலோ நோயாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்து சேரும். அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, நடுக்கோட்டைத் தாண்டாமல் நிற்கிறது.

குடியாத்தத்தில் என் அப்பாவுக்கு வந்தபோது தொடக்கத்தில் வெறும் வலிதான். இடது மார்பில் வலி என்பதால் இ.சி.ஜி. எடுத்தோம், சீராக இருந்தது. பிறகுதான் மார்பிலிருந்து முதுகு வரை தோல் சிவந்து, ஜவ்வரிசி போலக் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் எழும்பின. பனியன் உரசினாலே பல்லைக் கடித்துக்கொள்வார். மே மாதத்தில், மின்விசிறிக் காற்று பட்டால் எரிகிறது என்று அதை நிறுத்தச் சொன்னார்.

டாக்டர் கொடுத்தது அசைக்ளோவிர் 800 மி.கி. மாத்திரை, நாளுக்கு 5 வேளை, 7 நாள். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் இதற்கு முழுப் பலன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வேண்டாம்.

அக்கி எழுதுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மண்பாண்டம் செய்யும் குடும்பத்துப் பெரியவர் காவியைக் குழைத்துப் பூசும்போது அந்தக் குளிர்ச்சி சற்று நேரம் இதமாகவே இருக்கும். ஆனால் காவிக்கு வைரஸை அடக்கும் சக்தி கிடையாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கலாம். எல்லாவற்றையும்விட, எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருப்பதில்தான் அந்த 72 மணி நேரம் கைநழுவுகிறது. மண்பாண்டத்துக்குப் பெயர்போன கரிகிரியிலேயே 1955-இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. தோல் நோய்களையும் அங்கே பார்க்கிறார்கள். காட்பாடியிலிருந்து தொலைவும் இல்லை.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண் மருத்துவரையும் உடனே பார்க்க வேண்டும், பார்வையே பாதிக்கப்படலாம். காதில் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அவசரம்தான்.

எரியும் கொப்புளமெல்லாம் அக்கியும் அல்ல. மழைக்காலத்தில் டியூப் லைட்டைச் சுற்றும் கறுப்பும் ஆரஞ்சுமான சின்ன வண்டைத் தோலில் வைத்து நசுக்கிவிட்டால், மறுநாள் கோடு இழுத்தது போலப் புண்ணாகும். அதற்கு முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புதிதாக ஒரு மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பின் வாயிலும் கண்ணிலும் சேர்ந்து புண் வந்து தோல் உரிந்தால், அது உயிருக்கே ஆபத்து; நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: கொப்புளத்தைக் கிள்ளாமல் சுத்தமாக வைப்பது, தளர்வான பருத்தி உடை, ஈரத்துணி ஒத்தடம். பொருக்குத் தட்டும் வரை புண்ணை மூடி வையுங்கள். அம்மை வராத கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் அம்மாவிடம் நெருங்க விடாதீர்கள். அவர்களுக்கு இதிலிருந்து சின்னம்மை தொற்றலாம்.

புண் ஆறிய பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் நரம்பு வலி நீடிக்கும். அதற்குத் தனி மாத்திரைகள் உண்டு. அம்மா பொறுத்துக்கொண்டு சொல்லாமலே இருந்துவிடுவார். நீங்கள்தான் கேட்டு, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.