எல்கேஜி சேரப்போகும் மூன்றரை வயதுக் குழந்தையை எப்படித் தயார்செய்வது?

ஜூனில் பள்ளி திறக்கிறது, அதற்குள் ஏபிசிடி எழுத வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எழுத்தைச் சொல்லித்தரத்தான் எல்கேஜி இருக்கிறது. முதல் மாதத்தில் பிள்ளைகள் திண்டாடுவது கழிப்பறையிலும் டிபன் பாக்ஸிலும்தான்.

வீட்டில் 'உச்சா', 'மூச்சா' என்று ஏதோ ஒரு சொல் வைத்திருப்பீர்கள். மிஸ்ஸுக்கு அது புரியாமல் போகலாம். பள்ளியில் எப்படிக் கேட்க வேண்டும் என்று விசாரித்து, இப்போதிருந்தே வீட்டிலும் அப்படியே கேட்கவையுங்கள். அங்கே இருப்பது இந்தியன் டாய்லெட்டா வெஸ்டர்னா என்றும் பார்த்துவிடுங்கள். வெஸ்டர்ன் மட்டுமே பழகிய பிள்ளை குந்தி உட்காரப் பயந்து அடக்கிக்கொள்ளும். அடக்கினால் மலம் இறுகும், போகும்போது வலிக்கும், அந்த வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். சில பிள்ளைகள் பாத்ரூம் போகாமல் தப்பிக்கத் தண்ணீரே குடிக்காது. சிறுநீர்த் தொற்று வர அது போதும். சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும் என்பதால், காலை இட்லி முடிந்த கையோடு ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பழக்குங்கள். ஊக்கு, இறுக்கமான பட்டன் எதுவும் வேண்டாம். இடுப்பில் எலாஸ்டிக் வைத்ததே போதும்.

இதற்கெல்லாம் காலையில் நேரம் வேண்டும். எட்டு மணிக்கு வேன் என்றால் ஆறரைக்காவது எழ வேண்டும். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் தேவை. ஆக இரவு எட்டரைக்குப் படுக்கை. பத்தரை வரை விழித்திருக்கும் பிள்ளையை ஒரே நாளில் மாற்ற முடியாது. மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் என்று முன்னுக்கு நகர்த்தினால் ஒரு மாதத்துக்குள் வழிக்கு வந்துவிடும்.

டிபன் பாக்ஸை வாங்கும் முன் கடையிலேயே குழந்தையைத் திறந்து மூடச் சொல்லுங்கள். எவர்சில்வர் டப்பாவின் இறுக்கமான மூடிதான் பல பிள்ளைகள் பட்டினியாக வீடு திரும்பக் காரணம். கசியாது என்று நம்பி நாம் வாங்குவது அவர்களுக்குத் திறக்காது! இடைவேளை பெரும்பாலும் கால் மணி நேரம்தான். வீட்டில் தரையில் உட்காரவைத்து, ஊட்டிவிடாமல், கடிகாரம் பார்த்துச் சாப்பிடவையுங்கள். முதல் வாரம் புதிதாக எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். பொடியும் எண்ணெயும் தடவிய இரண்டு குட்டி இட்லி போதும்.

பலர் மறந்துவிடுவது பெயர். மூன்று வருடம் 'பாப்பா', 'குட்டி' என்றே கூப்பிட்டிருப்போம். வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரை மிஸ் அழைத்தால் பிள்ளை யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருக்கும். இன்றிலிருந்தே அந்தப் பெயரால் கூப்பிடுங்கள்.

பென்சிலுக்கு அவசரமில்லை. மூன்றரை வயதில் மணிக்கட்டு எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது, கொடியில் துணிக்கு கிளிப் போடுவது எல்லாம் விரலுக்கு வலுச் சேர்க்கும். கிரேயானை ஓர் அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். முழுக் கையால் பிடிக்க இடமில்லாததால் விரல் நுனிகள் தானாகச் சேரும். நிற்கும் கோடு, படுக்கும் கோடு, வட்டம் வந்தால் தாராளம்.

பிரிந்திருக்கவும் ஒத்திகை தேவை. அத்தை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி, பிறகு இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். கண்ணை ஏய்த்துவிட்டு நழுவாதீர்கள். அடுத்த முறை உங்கள் சேலையை விடாது. "தோ வந்துடறேன்" என்பதும் பொய்தான். "சாப்பிட்டு, விளையாடி முடிச்சதும் பாட்டி வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்று சொல்லி, ஒரே முத்தத்தோடு கிளம்பிவிடுங்கள். "இரு, ஸ்கூல்ல சேர்த்துவிட்டா மிஸ் அடிப்பாங்க" என்று வீட்டில் யார் மிரட்டினாலும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

முதல் வாரம் சிரித்துக்கொண்டே போன பிள்ளை இரண்டாம் திங்களன்று வாசலில் புரண்டு அழலாம். தினமும் போக வேண்டும் என்பது அன்றைக்குத்தான் அதற்குப் புரிந்திருக்கும். அன்று மட்டும் லீவு போட்டுவிடாதீர்கள்.