கருத்துப் படிவம் வாங்கியாச்சு, அடுத்து என்ன செய்வது?

கேள்வி: நான் ஒரு சின்னக் கிராமத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர். 41 பிள்ளைகள், 29 குடும்பங்கள், என்னையும் சேர்த்து 3 ஆசிரியர்கள். பருவ முடிவில் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் கருத்துப் படிவம் கொடுத்தோம். 17 குடும்பங்கள் எழுதித் தந்தன. 5 பேர் வீட்டுப்பாடம் அதிகம் என்கிறார்கள், 4 பேர் போதவில்லை என்கிறார்கள். ஒரு படிவத்தில் எங்கள் ஆசிரியர் ஒருவரைப் பற்றிக் கடுமையாக எழுதியிருக்கிறது. பிள்ளைகள் நீச்சல் குளம் கேட்கிறார்கள். ஆறு வாரமாக எல்லாம் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. "அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?" என்று ஒரு அம்மா வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த அம்மாவிடமிருந்தே தொடங்குங்கள், அவர் கேட்டதில் தப்பே இல்லை. நீங்கள் படிவமே கொடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கோபம் வந்திருக்காது. கேட்டுவிட்டு ஆறு வாரம் வாய் திறக்காமல் இருந்ததால் வந்த கோபம் இது. பெரும்பாலான தலைமை ஆசிரியர்கள் உங்களைப் போலத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு ஒரேயடியாகச் சொல்லலாம் என்று காத்திருக்கிறார்கள், எல்லாம் சரியாகும் நாள் வருவதில்லை, படிவம் இழுப்பறையில் பழசாகிறது. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் பதில் சொல்லுங்கள், பிறகு பழுது பாருங்கள். இந்த வாரமே ஒரு பக்கக் கடிதம் வீட்டுக்குப் போகட்டும். அதில் என்ன எழுதுவது என்பதற்கு வருகிறேன், அதற்கு முன்னால் ஒரு அவசர வேலை இருக்கிறது.

இன்றைக்கே உட்கார்ந்து எல்லாப் படிவங்களையும், குறிப்பாகப் பிள்ளைகள் எழுதியதை, ஒரே ஒரு கண்ணோட்டத்தில் படித்துவிடுங்கள்: ஏதாவது ஒரு பிள்ளைக்கு அடி, மிரட்டல், பயம், வீட்டிலோ பள்ளியிலோ ஆபத்து என்று தோன்றும் வரி எதிலாவது இருக்கிறதா? இருந்தால் அதைக் கருத்து என்று எண்ணாதீர்கள். அன்றைக்கே பிள்ளைப் பாதுகாப்புக்கு உங்கள் பள்ளி எந்த வழியைப் பின்பற்ற வேண்டுமோ அந்த வழியில் போக வேண்டும். ஆறு வாரம் இழுப்பறையில் கிடந்ததில் எனக்குக் கவலை தருவது இது ஒன்றுதான். அடுத்த முறை படிவம் கொடுக்கும்போது, "யார் எழுதியது என்று தேட மாட்டோம், ஆனால் யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் உதவி செய்யப் பெரியவர்களிடம் சொல்லுவோம்" என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது எண்ணிக்கை. தயவுசெய்து சதவீதம் போடாதீர்கள். 41 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளையே கிட்டத்தட்ட இரண்டரை சதவீதம். "29 சதவீதப் பெற்றோர் வீட்டுப்பாடம் அதிகம் என்கிறார்கள்" என்று எழுதினால் ஊரே கொந்தளித்தது போல இருக்கும், உண்மையில் 17 பேரில் 5 பேர். இத்தனை சின்ன எண்ணிக்கையில் எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைவிட ஏன் சொன்னார்கள் என்பதுதான் உங்களுக்கு உதவும். பெரிய பள்ளிக்குக் கிடைக்காத வசதி இது. நீங்கள் நேரில் போய்க் கேட்கலாம்.

வீட்டுப்பாட விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 பேர் அதிகம், 4 பேர் குறைவு, ஆக இரண்டும் கழிந்துவிட்டது, மாற்ற வேண்டியதில்லை என்று முடிவுக்கு வர ஆசையாக இருக்கும். 3 ஆசிரியர்கள் என்றால் உங்களிடம் இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் இல்லையா? அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே வீட்டுப்பாடம் போகிறதா என்று பாருங்கள். அப்படிப் போனால் சின்ன வகுப்புப் பிள்ளை ராத்திரி அழுதுகொண்டு எழுதும், பெரிய வகுப்புப் பிள்ளை பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கதவைத் தாண்டி ஓடியிருக்கும். இரண்டு அம்மாக்களும் எதிரெதிராகப் பேசுவது போலத் தெரியும், சொல்வது ஒரே குறையாக இருக்கும். இப்படி ஒரு பள்ளியில் நானே ஏமாந்திருக்கிறேன், கருத்துகள் முரணாக இருக்கின்றன என்று அறிக்கையே எழுதிக் கொடுத்துவிட்டேன், பிறகு ஒரு ஆசிரியர்தான் "எந்த வகுப்புப் பெற்றோர் எது எழுதினார்கள் என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. அதனால் முரணாகத் தெரிகிற எதையும் கழித்துவிடாமல், நாலு பெற்றோரிடம் "வீட்டுப்பாடம் முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, யார் பக்கத்தில் உட்காருகிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.

நீச்சல் குளத்துக்கு வருவோம். சிரிக்காதீர்கள். "பள்ளியில் உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டிருப்பீர்கள், அந்தக் கேள்விக்கு நீச்சல் குளம்தான் சரியான பதில், நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். பிள்ளைகளிடம் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. சிரிக்கும் முகம், அழும் முகம் போட்டு வட்டமிடச் சொல்லும் படிவம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இருப்பதிலேயே பெரிதாகச் சிரிக்கும் முகத்தைத்தான் வட்டமிடுவார்கள், டீச்சர் மனசு கோணக்கூடாதே என்று.

எழுதச் சொல்வதைவிட நடக்கச் சொல்லலாம். ஆலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-இல் முன்வைத்த மொசைக் அணுகுமுறை என்று ஒன்று உண்டு: எழுதத் தெரியாத வயதுப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து, தங்களுக்கு முக்கியமான இடங்களைப் படம் எடுக்கச் சொல்வது, தாங்களே சுற்றிக்காட்டச் சொல்வது, வரைபடம் போடச் சொல்வது, அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பேசுவது. கேமராகூட வேண்டாம். மூன்று பிள்ளைகளை ஒரு குழுவாகப் போட்டு, "எனக்குப் பள்ளியைச் சுற்றிக்காட்டு, உனக்குப் போகப் பிடிக்காத இடத்தில் நில்" என்று சொல்லிப் பாருங்கள். கழிப்பறை வாசலில் நிற்பார்கள் என்று ஓரளவு தைரியமாகச் சொல்வேன். தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும், அல்லது விழாது. அதனால் சில பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எந்தப் படிவத்திலும் இது வராது, ஏனென்றால் எந்தப் படிவமும் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்பதில்லை.

பிள்ளை சொல்வதைக் கேட்பது நம் பெருந்தன்மை இல்லை என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. குழந்தை உரிமை ஆய்வாளர் லாரா லண்டி 2007-இல் இதை நான்காகப் பிரித்துச் சொன்னார்: பேச இடம், பேசும் வாய்ப்பு, கேட்க ஆள், சொன்னதற்குப் பலன். முதல் இரண்டையும் நீங்கள் செய்துவிட்டீர்கள். மூன்றாவதில் நிற்கிறீர்கள். பிள்ளைகளுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு தருகிறோம் என்று பார்க்க 1992-இல் ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் போட்ட எட்டுப் படி ஏணி இதைவிடக் கறாரானது. பிள்ளைகளைப் பெயருக்கு உட்கார வைத்துக் கேட்பதை அவர் கீழிருந்து மூன்றாவது படியில் வைத்து, அந்த மூன்று படிகளும் பங்கேற்பே இல்லை என்று தள்ளிவிட்டார்.

இனிக் கடிதம். "உங்கள் மேலான கருத்துகளுக்கு நன்றி, பரிசீலிக்கப்படும்" என்று எழுதினால் எழுதாமலே இருக்கலாம். தாமதத்துக்கு ஒரு வரி மன்னிப்பு, காரணம் வேண்டாம். அடுத்து, கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லுங்கள்: "நிகழ்ச்சிகளை முந்தின நாள்தான் சொல்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள்." அதற்குக் கீழே, இனி ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுவோம் என்றால் அது, எந்தத் தேதியிலிருந்து என்பதோடு. பணமோ மேலிடத்து அனுமதியோ தேவைப்படுவதற்கு, யாரிடம் கேட்டிருக்கிறீர்கள், எப்போது மறுபடி தகவல் சொல்வீர்கள் என்பது. செய்ய முடியாததற்கு, முடியாது என்ற சொல்லும் காரணமும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லோரும் மழுப்புகிறார்கள். பெற்றோர் "முடியாது" என்பதைத் தாங்கிக்கொள்வார்கள், "பார்க்கலாம்" என்பதை ஒரு முறைதான் நம்புவார்கள். பிள்ளைகளுக்குத் தனியாகக் காலைக் கூட்டத்தில் சொல்லுங்கள், நீச்சல் குளம் ஏன் முடியாது என்பதையும் சேர்த்து. கடிதம் போகும் முன்னால் சின்ன வேலை ஒன்றாவது முடிந்திருந்தால் நல்லது. தாழ்ப்பாள் அதற்குப் பொருத்தம், ஒரு ஸ்க்ரூடிரைவரும் அரை மணி நேரமும் போதும்.

அந்தக் கடுமையான படிவம் கடிதத்தில் வரவே கூடாது, ஜாடையாகக்கூட. 3 ஆசிரியர்கள் உள்ள இடத்தில் "ஒரு ஆசிரியரைப் பற்றி" என்று எழுதினாலே மாலைக்குள் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த ஆசிரியரைத் தனியாக உட்கார வைத்து, என்ன சம்பவம், என்ன குறை என்பதை மட்டும் சொல்லுங்கள். படிவத்தைக் கையில் கொடுக்காதீர்கள். கையெழுத்து தெரிந்துவிடும், அதன் விலையை ஒரு பிள்ளை வகுப்பறையில் கொடுக்க நேரிடலாம். அவர் தரப்பைக் கடைசிவரை கேளுங்கள். படிவத்தில் பெயர் போட்டிருந்தால் அந்தப் பெற்றோரையும் தனியாகச் சந்தியுங்கள். பெயர் இல்லையென்றால் கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள், உங்களுக்கு யாரென்று ஊகம் இருந்தாலும். சரியாக ஊகித்துப் போய்ப் பேசினால் அடுத்த வருடம் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள், தவறாக ஊகித்தால் இன்னும் மோசம்.

அடுத்த முறைக்கு 4 கேள்வி போதும், ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும். "கற்பித்தலும் ஒழுக்கமும் திருப்தியா?" என்று கேட்டால் ஒன்றில் திருப்தி, மற்றதில் இல்லை என்பவர் எதை எழுதுவார்? வருடத்துக்கு ஒரு பெரிய படிவத்தைவிட வாசலில் ஒரு பெட்டி நல்லது. வார்சாவில் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய யானுஷ் கோர்ச்சாக் அப்படி ஒரு கடிதப் பெட்டி வைத்திருந்தார். பெட்டி வைத்தால் திறக்கும் நாளை அதன் மேலேயே எழுதிவிடுங்கள், அந்த நாளில் திறந்தே ஆக வேண்டும்.

எழுதித் தராத 12 குடும்பங்கள் மிச்சம் இருக்கின்றன. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்கு எழுதப் படிக்கக் கூச்சமாக இருக்கும், சிலர் வேலை முடித்து வருவதற்குள் பள்ளி பூட்டியிருக்கும், சிலருக்கு எழுதினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயம். கடிதத்தை அவர்களுக்கும் கொடுங்கள், பிள்ளையை அழைத்துப்போக வரும்போது நாளைக்கு இரண்டு பேரிடம், படிவம் ஏன் தரவில்லை என்று கேட்காமல், "தாழ்ப்பாள் மாத்தியாச்சு, பாப்பா சொன்னாளா?" என்று ஆரம்பியுங்கள். ஆறு நாளில் 12 குடும்பமும் முடிந்துவிடும்.