ஊதினால் பூஜ்யம், ஆனாலும் வழக்கு: மாத்திரையும் வண்டியும்

மண்டபத்திலிருந்து இரவில் நண்டு வண்டி ஓட்டுகிறேன். முதுகுவலிக்கு டாக்டர் எழுதித் தந்த டிரமடால் போட்டிருந்தேன். உச்சிப்புளி பக்கம் தடுப்பில் இடித்துவிட்டேன். ஊதச் சொன்னார்கள், பூஜ்யம். ஆனாலும் போதையில் ஓட்டியதாக 185-ஆவது பிரிவில் வழக்குப் போட்டுவிட்டார்கள். கையில் சீட்டு இருக்கிறதே?

சீட்டு நல்லதுதான். ஆனால் மாத்திரையை ஏன் வைத்திருந்தீர்கள், ஏன் சாப்பிட்டீர்கள் என்பதற்குத்தான் அது பதில். சாப்பிட்டுவிட்டு ஏன் ஓட்டினீர்கள் என்பதற்கு இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு மதுவையும் மருந்தையும் வேறு வேறாகப் பார்க்கிறது. மதுவுக்கு ஓர் எண் உண்டு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம், எவ்வளவு நேராக ஓட்டியிருந்தாலும் சரி. மருந்துக்கு அப்படி எண் கிடையாது. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்து உங்களைப் பிடித்திருந்ததா என்பதே கேள்வி. அதை நிரூபிக்க வேண்டியது போலீஸ் தரப்பு. இரவு மூன்று மணிக்குத் தடுப்பில் இடித்தவர் எல்லாம் மாத்திரையால் இடித்தவர் ஆகிவிட மாட்டார்; மாடு குறுக்கே வந்திருக்கலாம்.

ஊதுகருவிக்கு மாத்திரை தெரியாது. ஆகவே டாக்டர் பரிசோதித்து உங்கள் நடை, பேச்சு, கண் பாவை பற்றி என்ன எழுதினார் என்று முதலில் பாருங்கள். கைது செய்திருந்தால் நேரத்தையும் பாருங்கள். 185-இல் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்கிறது 202-ஆவது பிரிவு.

'பத்தாயிரத்தைக் கட்டிவிட்டுப் போ' என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒப்புக்கொண்டால் அது முதல் முறையாகப் பதிவாகிவிடும். அடுத்த முறை 2 வருடம் வரை, அபராதம் 15,000. லைசென்சுக்கும் ஆபத்து.

ஒன்று கேட்கிறேன்: இரவில் வண்டி ஓட்டுகிறவன் என்று டாக்டரிடம் சொன்னீர்களா? கோர்ட்டில் இதை நிச்சயம் கேட்பார்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரைக்கும் இது பொருந்துமா? (தேவிபட்டினம்)

வாதிட இடம் இருக்கிறது. 185 சொல்லும் 'மருந்து' என்பது போதை தரும் பொருள். போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் உள்ளவையும் அதில் அடக்கம். வலிக்குத் தரும் டிரமடால், பதற்றம் தணிக்கத் தரும் அல்பிரசோலம், குளோனசிபம் அந்தப் பட்டியலில் உண்டு. சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் இல்லை. ஆனால் கண்ணைச் சொருகவைப்பதில் அது சளைத்ததில்லை. ஆளை இடித்துவிட்டால், அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு வேறு பிரிவுகள் காத்திருக்கின்றன.

என் கணவர் தங்கச்சிமடத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். சுகருக்கு ஊசி போடுகிறவர். பாம்பன் பாலத்தில் வேர்த்து, நாக்குக் குழறி நின்றவரைக் குடிகாரர் என்று சொல்லிவிட்டார்கள்.

சர்க்கரை இறங்கினால் அப்படித்தான் இருக்கும், பார்க்கிறவர்களுக்குக் குடித்தது போலவே தெரியும். இன்சுலின் போதைப்பொருள் அல்ல. அதற்காக 185 நிற்காது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சுகர் பார்த்த சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள், 70-க்குக் கீழே இருந்தால் அதுவே பெரிய ஆதாரம். ஆனால் 186 என்று ஒன்று இருக்கிறது: தன் நோயால் பிறருக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தே ஓட்டினால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்து 2,000. அடிக்கடி இப்படி இறங்குகிறது என்றால் 'தெரியாது' என்று சொல்ல முடியாது. சாப்பிடாமல் சவாரிக்குப் போக விடாதீர்கள்.

அரிஷ்டம் குடித்தேன், ஊதுகருவி கத்துகிறது.

அரிஷ்டத்தில் நொதித்து உண்டாகும் ஆல்கஹால் உண்டு. வாயில் ஒட்டியிருப்பது கால் மணி நேரத்தில் போய்விடும். பொறுத்திருந்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள், ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். ரத்தத்திலும் 30-ஐத் தாண்டினால் அரிஷ்டமா பிராந்தியா என்று சட்டம் பார்க்காது.

அப்பா தூக்க மாத்திரை போடுகிறவர், விசைப்படகு ஓட்டுகிறார். அவருக்கும் 185 உண்டா? (தொண்டி)

கடலில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் சாலையில் ஓடும் வண்டிகளுக்குத்தான். ஆனால் உயிருக்கு ஆபத்தாகப் படகு ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 282-இல் 6 மாதம் வரை சிறை உண்டு. அப்புறம், கரையிறங்கி பைக்கை எடுத்தாரென்றால் 185-உம் வந்துவிடும்.