ஆன்டிபயாடிக் ஃபிலிமுக்கும் ஸ்டெரிலைசேஷன் வேண்டுமா?

கேள்வி: கண் தொற்றுக்காகக் கீழிமைக்குள் வைக்கிற மெல்லிய ஃபிலிம் ஒன்றை ப்ராஜெக்டுக்குச் செய்கிறோம். எச்பிஎம்சி என்கிற, நீரில் கரையும் பாலிமரில் சிப்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக். உள்ளே இருப்பதே கிருமியைக் கொல்லும் மருந்து, அப்புறம் எதற்குத் தனியாக ஸ்டெரிலைஸ் (முழுக்கக் கிருமிநீக்கம்) செய்வது?
- பி.ஃபார்ம் மாணவி, நாமக்கல்

பதில்: கட்டாயம் செய்ய வேண்டும். காய்ந்த ஃபிலிமுக்குள் ஸ்போராக (தடித்த உறைக்குள் உறங்கும் வடிவில்) முடங்கிக் கிடக்கும் பாக்டீரியாவை உங்கள் மருந்து ஒன்றும் செய்யாது, பூஞ்சையைத் தொடக்கூட முடியாது, சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசியாத சூடோமோனாஸ் பாக்டீரியாவும் உண்டு. நம் பக்கம் வயல்வேலையில் தாளோ தூசியோ பட்டு வருகிற கருவிழிப் புண்களில் ஃபுசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அப்படி மேல்படலம் உரிந்த கண்ணில், மணிக்கணக்கில் ஒட்டியிருக்கப்போகிற பொருளோடு நாமே கிருமியை உள்ளே அனுப்பலாமா? சொட்டு மருந்தாவது சில நிமிடங்களில் கண்ணீரோடு வழிந்துவிடும். அந்தச் சொட்டு மருந்திலேயே என்ன நடந்தது பாருங்கள்: சென்னையை ஒட்டிய ஓர் ஆலையில் தயாரான செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபடுத்தப்பட்ட சூடோமோனாஸ் தொற்று, 2023இல் அமெரிக்கா வெளியிட்ட கணக்குப்படி, 81 பேருக்கு வந்து 4 பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது.

இன்னொன்று. ஸ்டெரிலிட்டி டெஸ்டில் (கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஃபிலிமை மீடியத்தில் (கிருமி வளர்க்கும் ஊட்டக்கரைசல்) 14 நாள் வைத்தும் எதுவும் வளரவில்லை என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், ஃபிலிமிலிருந்து கசிந்த மருந்தே மீடியத்தில் வளர்ச்சியை அடக்கியிருக்கும். ஃபிலிமைக் கரைத்து, கிருமி தங்கிவிடும் நுண்துளைச் சவ்வான மெம்ப்ரேன் ஃபில்டரில் வடிகட்டி, மருந்து போகும்வரை கழுவி, அந்த ஃபில்டரை மீடியத்தில் போடுங்கள். கூடவே இதே மாதிரி கழுவிய வேறொரு ஃபில்டரில் தெரிந்த பாக்டீரியாவைக் கொஞ்சம் சேர்த்து, வளர்கிறதா என்று பாருங்கள். வளராவிட்டால் டெஸ்டே செல்லாது.

கேள்வி: யூவி விளக்கின் கீழ் அரைமணி நேரம் வைத்தால் போதும் என்கிறார் சீனியர். ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலன்) சரிவருமா?
- மாணவர், கோவை

பதில்: இந்த யூவி வரியை ரிப்போர்ட்டுகளில் படிக்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. யூவி மேற்பரப்போடு நின்றுவிடும், அடிப்பக்கம் பெட்ரி டிஷ்ஷில் படிந்து கிடக்கும், கண்ணாடி மூடியைப் போட்டே வைத்தால் கிருமிநாசினிக் கதிர் உள்ளேயே போகாது. போதாததற்கு சிப்ரோஃப்ளாக்சசின் வெளிச்சத்தில் சிதைகிற மருந்து. கிருமி பிழைத்துக்கொள்ளும், மருந்து கெடும்!

ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவி பட்டால் ஃபிலிம் ஊறிக் கூழாகிவிடும். ஹாட் ஏர் அவனில் 160 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் ஃபிலிம் முறுகிப்போகும். எத்திலீன் ஆக்சைடு வாயு குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும், ஆனால் அதற்கு ஈரப்பதம் வேண்டும், மிச்சம் தங்கினால் கண்ணை எரிக்கும், அதனால் நன்றாகக் காற்றாட விட்டு எச்சத்தையும் அளக்க வேண்டும்.

கேள்வி: காமா கதிர் கொடுத்தால் ஃபிலிமில் கதிர்வீச்சு தங்கிவிடாதா?
- வாசகர், திருச்சி

பதில்: தங்காது. கோபால்ட்-60 காமாவுக்குப் பொருளைக் கதிரியக்கமாக்கும் அளவு ஆற்றல் கிடையாது. மும்பை டிராம்பேயில் ஐசோமெட் ஆலை 1974 முதல் மருத்துவப் பொருட்களுக்கு இதைத்தான் செய்துவந்தது. வழக்கமான அளவு 25 கிலோகிரே (கிரே என்பது பொருள் உள்வாங்கும் கதிரின் அலகு), பாக்கெட்டை மூடி ஒட்டியபிறகே கொடுக்கலாம். நீர்க்கரைசலைவிடக் காய்ந்த ஃபிலிம் இதை நன்றாகவே தாங்கும், திட வடிவத்தின் சௌகரியமே அதுதான்.

ஆனால் எச்பிஎம்சியின் மூலக்கூறுச் சங்கிலி காமாவில் அறுபடும், மருந்து சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். மருந்தின் அளவு, நிறம், கரைந்து வெளிவரும் வேகம் எல்லாவற்றையும் கதிருக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அதிகமென்றால் பாலிமர் கரைசலைத் தனியே ஆட்டோகிளேவ் செய்யுங்கள், சூட்டில் கெட்டியானாலும் ஆறியபின் கலக்கினால் கரைந்துவிடும். மருந்துக் கரைசலை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, லேமினார் ஃப்ளோவில் (வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் மேசை) வைத்தே இரண்டையும் கலந்து, ஊற்றி, உலர்த்தி, பாக்கெட்டில் போட்டு ஒட்டிவிடுங்கள்.