கழுத்து எரிகிறது என்று தட்டை மாற்றுமுன்

கேள்வி: பத்து வருடமாக கார்ட்ரிட்ஜ் ரேசர்தான். போன மாதம் இருபக்கமும் கூர் உள்ள பிளேடு போடும் சேஃப்டி ரேசருக்கு மாறினேன். என் தாடி முரடு. மூன்று நாளுக்கு ஒருமுறைதான் ஷேவ் செய்வேன். "முரட்டுத் தாடிக்குப் பெரிய இடைவெளிதான் சரி" என்று விற்றவர் சொன்னதால் 0.95 மி.மீ. இடைவெளி உள்ள ரேசரை வாங்கினேன். கன்னம் நன்றாக வருகிறது. கழுத்து முழுக்க எரிச்சல், சிவப்புப் புள்ளிகள். 0.5க்கு இறங்கட்டுமா? இல்லை, இடைவெளியைத் திருகி மாற்றும் ரேசர் வாங்கட்டுமா?

பதில்: இரண்டு வாரத்துக்கு எதையும் வாங்காதீர்கள். உங்களுக்கு 0.95 அதிகம் என்பது உண்மைதான். புதிதாக மாறிய யாருக்கும் அது அதிகம். ஆனால் அதற்கு மருந்து 0.5 இல்லை. அங்கே போனால் இதே எரிச்சல் வேறு வழியில் திரும்பி வரும்.

ரேசரின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேலே வளைந்த மூடி, கீழே அடித்தட்டு, நடுவில் பிளேடு. தட்டு என்று இனி சொல்வதெல்லாம் இந்த அடித்தட்டைத்தான்; சில ரேசர்களில் இதை மட்டும் மாற்றி இடைவெளியை மாற்றலாம். பிளேடின் கூர்முனைக்கும் அடித்தட்டின் ஓரத்தில் இருக்கும் தடுப்புக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கீற்றாகத் தெரிகிறதே, அதுதான் நீங்கள் கேட்கும் இடைவெளி. இந்த வகை பிளேடின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அதாவது உங்கள் ரேசரின் கீற்று ஒன்பதரை பிளேடுகளை அடுக்கிய உயரம். 0.5 என்றால் ஐந்து பிளேடு. இந்தக் கணக்கில் யோசித்தால் 0.68க்கும் 0.71க்கும் வித்தியாசம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டீர்கள்.

நுரையும் வெட்டுப்பட்ட முடியும் வெளியேறும் வழி அந்தக் கீற்றுதான். அழுத்தினால் தோலும் அதற்குள்தான் பிதுங்கி வரும். கன்னத்தில் தோல் ஓரளவு இறுக்கமாக நிற்பதால் அழுத்தினாலும் பெரிதாகப் பிதுங்காது. கழுத்துத் தோல் அப்படியில்லை, தொளதொளவென்று இருக்கும். பிளேடு முடியோடு சேர்த்து அந்தப் பிதுங்கலையும் சீவிவிட்டுப் போகிறது. கார்ட்ரிட்ஜைப் பத்து வருடம் பிடித்த கை அழுத்தித்தான் பழகியிருக்கும். அந்தப் பழக்கம் 0.95ஓடு சேர்ந்துகொண்டதுதான் உங்கள் கழுத்தின் கதை.

சரி, 0.5க்குப் போனால்? மூன்று நாள் முடி நுரையோடு சேர்ந்து அந்தச் சின்னச் சந்தில் அடைத்துக்கொள்ளும். ஒரே இழுப்பில் போக வேண்டியது நான்கு இழுப்பாகும். இரண்டாவது இழுப்பிலேயே நுரை போய்விடும், மிச்சமெல்லாம் வெறும் தோலில். "சாதுவான ரேசர்தானே" என்று இன்னும் கொஞ்சம் அழுத்துவீர்கள். எரிச்சல் அப்படியே இருக்கும், செலவு மட்டும் கூடியிருக்கும்.

இடைவெளி எண்ணை மட்டும் வைத்து ரேசர் விற்பவர்களை நான் நம்புவதில்லை. அந்த எண் பாதி உண்மைதான். மீதிப் பாதி, பிளேடின் முனை எவ்வளவு தூரம் வெளியே தலைநீட்டுகிறது என்பது. எக்ஸ்போஷர் என்பார்கள். ஒரு தட்டையான ஐஸ் குச்சியை எடுத்து, அதன் நேரான ஓரம் மூடியின் விளிம்பையும் கீழே உள்ள தடுப்பையும் ஒன்றாகத் தொடும்படி மெல்ல வையுங்கள். பிளேடு அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நின்றால் சாது. கோட்டைத் தாண்டி வந்து குச்சியைக் கீறினால் அது பசியோடு இருக்கும் ரேசர், இடைவெளி 0.6தான் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சரி. 0.8 இடைவெளி இருந்தும் பிளேடு உள்வாங்கி இருப்பதால் பூப்போலப் போகும் ரேசர்களும் உண்டு. ஒரே ரேசருக்கு வரும் தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் இந்த எண் உதவும். வேறு வேறு ரேசர்களின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வீண் வேலை.

அளப்பதாவது ஒரே மாதிரி அளக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஒருவர் கூர்முனையிலிருந்து தடுப்பு வரை நேராக அளக்கிறார், இன்னொருவர் சாய்வாக அளக்கிறார், மூன்றாமவர் வரைபடத்தில் இருந்த எண்ணை அப்படியே பெட்டியில் அச்சிட்டுவிடுகிறார். கிங் கேம்ப் ஜில்லெட் தன் ரேசருக்குக் காப்புரிமை வாங்கியது 1904இல். நூற்றிருபது வருடம் போதாதா, உட்கார்ந்து ஒரு பொது அளவைப் பேசி முடிக்க? ஒரு முறை இடைத்தரகர் ஒருவர் மூலம் 0.68 என்று அச்சிட்ட ரேசரை வாங்கினேன். ஃபீலர் கேஜ் (இடைவெளிக்குள் செருகி அளக்கும் மெல்லிய உலோகத் தகடு) செருகிப் பார்த்தால் ஒரு பக்கம் 0.7, மறுபக்கம் 0.9! கேட்டதற்கு "கையால் மெருகேற்றுவது சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். முகத்துக்கு ஒரு பக்கம் ஒரு அளவா? இதே ஆட்கள்தான் ஆரம்பநிலை, இடைநிலை, கைதேர்ந்தவர் என்று தட்டுகளுக்கு வகுப்புப் பிரித்து, நீங்கள் படியேறிப் படியேறி மூன்று முறை வாங்கும்படி செய்கிறார்கள். பெரிய இடைவெளிக்குப் போவது பதவி உயர்வு இல்லை. முப்பது வருடம் சேஃப்டி ரேசரில் ஷேவ் செய்துவிட்டு 0.6ஐத் தாண்டாதவர்கள் ஏராளம். தாடி முரடு என்று சொன்னவுடன் பெரிய தட்டைக் கையில் திணிக்கிறவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இதன் எக்ஸ்போஷர் எவ்வளவு?" பேச்சு மாறினால் கிளம்பிவிடுங்கள்.

இனி உங்கள் ரேசருக்கு வருவோம். முதலில் பிளேடு நேராக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். எரிச்சல் என்று என்னிடம் வரும் ரேசர்களில் நிறைய இந்த ஒரு காரணத்தால்தான். மூடியை மேசைமேல் மல்லாக்க வைத்து, பிளேடைப் போட்டு, அடித்தட்டை மேலே வையுங்கள். கூர் இல்லாத இரண்டு முனைகளிலும் விரல் வைத்து அமுக்கியபடியே கைப்பிடியைத் திருகுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டு பக்கக் கீற்றும் ஒரே பருமனாக, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் தெரிந்தால் கழற்றி மறுபடி போடுங்கள். மூன்று தடவை போட்டும் கோணினால் தட்டே கோணல். திருப்பிக் கொடுங்கள். "பழகிவிடும்" என்ற பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

அடுத்தது கோணம். மூடியைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடி முகத்துக்கு நேர் குத்தாக நீட்டிக்கொண்டிருக்கட்டும். அப்படியே இழுத்துக்கொண்டே கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். முடி வெட்டுப்படும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும் இடம் வரும். பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே ஏறக்குறைய 30 டிகிரி. அதற்குமேல் இறக்க வேண்டாம். கைப்பிடியின் நுனியை இரண்டு விரலால் மட்டும் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது. ரேசரின் எடையே வேலையைப் பார்க்கும்.

கழுத்தில் முடி ஒரே திசையில் வளராது. விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று தடுக்கும் திசை எதிர்த்திசை. இரண்டு வாரத்துக்குக் கழுத்தில் எதிர்த்திசைப் பக்கமே போகாதீர்கள். பிளேடையும் ஒரு முறை மாற்றிப் பாருங்கள். தட்டை மாற்றுவதைவிட ஒரு பிளேடு மாற்றுவது பெரிய வித்தியாசம் காட்டுவதுண்டு, செலவும் அற்பம்.

இதற்குப் பிறகும் எரிந்தால் தட்டை மாற்றலாம். அதே ரேசருக்கு 0.65இலிருந்து 0.7க்குள் தட்டு கிடைத்தால் அதை வாங்குங்கள். மூன்று நாள் முடிக்கு அது தாராளம். ராக்வெல் 6எஸ் ரேசரோடு வரும் மூன்று தட்டுகளின் இரு பக்கங்களையும் சேர்த்தால் ஆறு அளவு, 0.20இல் தொடங்கி 0.79இல் முடிகிறது. வேறு ரேசரின் எண்ணோடு துல்லியமாக ஒப்பிட முடியாதுதான், ஆனாலும் எண்ணளவில் அவர்களின் உச்சத்தையும் தாண்டிய ஒன்றை உங்களுக்கு முதல் ரேசராகக் கொடுத்திருக்கிறார்கள். வேறு கம்பெனித் தட்டைக் கொண்டுவந்து உங்கள் மூடிக்குப் பொருத்தாதீர்கள். திருகு பொருந்தும், வளைவு பொருந்தாது. சீப்புப் பல் தட்டு, சாய்ந்த தலை ரேசர் இவையெல்லாம் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மேலே சொன்னது மாறும். இதை மெதுவாகப் படியுங்கள். சிவப்புப் புள்ளிகள் எப்போது வருகின்றன? ஷேவ் முடிந்து முகம் கழுவும்போதே தெரிந்தால் ரேசரும் கையும் காரணம், இதுவரை சொன்னது போதும். ஷேவ் செய்த அன்று ஒன்றும் இல்லாமல், இரண்டு மூன்று நாள் கழித்துப் பரு மாதிரி முளைத்தால் அது உள்வளரும் முடி. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். வெட்டிய முடி மறுபடி வளரும்போது நேராக எழாமல் வளைந்து பக்கத்துத் தோலையே குத்துகிறது. சில சமயம் வெளியே தலைகாட்டாமல் தோலுக்குள்ளேயே கிழித்துக்கொண்டு போகிறது. தோலை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் மழமழவென்று ஷேவ் செய்தால் முடியின் நுனி தோல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும், கூராகவும் இருக்கும், உள்ளே குத்த அதுவே போதும். இவர்களுக்குத் தொல்லை நெருக்கமான ஷேவ்தான். அதனால் எந்த இடைவெளியும் தீர்வு ஆகாது. 0.5ஐ வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் போனாலும் பரு வரும், 0.8ஐ வைத்துக்கொண்டு வளரும் திசையில் ஒரே ஒரு சுற்று போனால் வராமலும் இருக்கலாம். நீங்கள் இந்த ரகம் என்றால் கழுத்தில் ஒரே சுற்று, வளரும் திசையில், தோலை இழுக்காமல். தடவினால் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கட்டும். ஏற்கெனவே முளைத்தவற்றை ஊசியால் நோண்டாதீர்கள். சில வாரம் ரேசரை ஓரமாக வைத்து, ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். சீழ் கோத்தால் அல்லது பரவினால் தோல் மருத்துவரிடம் போங்கள். அங்கே ரேசர்காரனுக்கு வேலை இல்லை.

கடைசியாக, திருகி மாற்றும் ரேசர். நல்ல சாமான்தான். ஜில்லெட் 1950களின் கடைசியில் 1 முதல் 9 வரை எண் போட்டு ஒன்றை விற்றது. ஆனால் அந்த எண்கள் மில்லிமீட்டர் இல்லை. ஒரு ரேசரின் 3 இன்னொன்றின் 5ஆக இருக்கும். பழையதைப் பளபளவென்று மெருகேற்றி விற்பவர்களிடம் எச்சரிக்கை, உள்ளே சுருள்வில் தளர்ந்திருந்தால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கையும் அழுத்தமும் சீரான பிறகு, கன்னத்துக்கு ஒரு அளவும் கழுத்துக்கு ஒரு அளவும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். அப்போதும் சின்ன எண்ணிலிருந்து ஆரம்பித்து, ஷேவுக்கு ஒரு எண் என்று ஏற்றுங்கள். தலையின் மூடி இரண்டு கதவு போலத் திறக்கும் வகையாக இருந்தால் எண்ணைத் திருப்புமுன் கதவை இறுக்கும் குமிழைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத் திருப்புங்கள், அப்புறம் இறுக்குங்கள்.