ரேடியேட்டர் ஒழுகியதை எதைக் கொண்டு நிரூபிப்பீர்கள்?

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன், சிங்கப்பூரில் காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு பட்டறையில், ஒரிஜினல் அல்லாத ரேடியேட்டர் ஒன்றை 480 வெள்ளிக்கு மாற்றினேன். சென்ற மாதம் குடும்பத்துடன் ஜோகூர் பாருவுக்குப் புறப்பட்டபோது, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு முன்பே வெப்பநிலை விளக்கு எரிந்தது. காருக்கு அடியில் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகியிருந்தது. குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தோம். திரும்பும் வழியில் என்ஜின் நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று கூறி, வேறொரு பட்டறை 4,200 வெள்ளி கேட்கிறது. நடந்ததைப் பழைய பட்டறை முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன்; அவர் என் மனைவி முன்னிலையில் என்னை அவமதித்தார். ‘ஒரிஜினல் அல்லாத பாகத்துக்கு உத்தரவாதம் இல்லை’ என்று பில்லில் எழுதியிருப்பதைக் காட்டினார். கடைசியில் வேறு ரேடியேட்டரும் 800 வெள்ளியும் தருவதாகச் சொல்கிறார். முழுத் தொகையோடு மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: முதலாளியின் பேச்சு உங்களை எவ்வளவு புண்படுத்தியிருந்தாலும், சிறு கோரிக்கை நடுவர் மன்றம் அதற்கு ஒரு வெள்ளிகூடத் தராது; கெட்டுப்போன விடுமுறையையும் விட்டுவிடுங்கள். பில்லில் உள்ள அந்த வரியைக் கண்டும் அஞ்ச வேண்டாம். பயனீட்டாளருக்கு விற்ற பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும் என்ற கடமையை, நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டத்தின்படி, ஒரு வரி எழுதிக் கழற்றிவிட முடியாது. மலிவான பாகம் ஒரிஜினல் அளவுக்கு உழைக்காமல் போகலாம், ஆனால் நான்கு மாதமாவது கூலண்டைத் தாங்க வேண்டும். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டமும் உங்கள் பக்கமே இருக்கிறது: பொருளைப் பெற்ற 6 மாதங்களுக்குள் தெரியவரும் குறை, பெற்றபோதே இருந்ததாகக் கருதப்படும், இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு.

ஆனால், இந்தச் சலுகை ரேடியேட்டரின் குறைக்கு மட்டுமே பொருந்தும். ரேடியேட்டர் ஒழுகியதால்தான் என்ஜின் கெட்டது என்பதை நீங்களே மெய்ப்பிக்க வேண்டும். உங்கள் 4,200 வெள்ளி முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது.

மற்றவர்கள் தோற்றதை நான் பார்த்திருப்பதும் இங்கேதான். காருக்கு அடியில் தேங்கிய கூலண்டைப் படமெடுத்து வருகிறார்கள். அந்தப் படத்தில் ஈரமான தரை தெரிகிறதே தவிர, ஒழுகிய இடம் தெரிவதில்லை. ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கலாம், தண்ணீர்ப் பம்ப் கசிந்திருக்கலாம், ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்காமல் விட்டிருக்கலாம். இவற்றைவிட ஆபத்தான எதிர்வாதம் ஒன்றும் உண்டு. ஹெட் கேஸ்கெட் முதலில் பழுதாகி, என்ஜினில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்து அழுத்தம் ஏறி, அதனாலேயே ரேடியேட்டர் விரிசல் விட்டது என்று பட்டறைக்காரர் சொல்வார். அது நடக்கக்கூடியதுதான் என்பதால், நடுவர் அதை எளிதில் ஒதுக்க மாட்டார். அங்கே வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச முடியாது. இருபது ஆண்டு தொழில் தெரிந்த ஒருவர் எதிரே நின்று பேசும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த எதிர்வாதத்துக்கான விடை கழற்றிய ரேடியேட்டரில்தான் இருக்கிறது. அது இரண்டாவது பட்டறையின் பழைய இரும்புக் குவியலுக்குப் போவதற்கு முன், இன்றே சென்று வாங்கி வையுங்கள்; கழுவாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியப் பகுதியும் சேரும் மடிப்பு ஓரத்தில், காய்ந்த கூலண்ட் பொடி போலப் படிந்திருந்தால், அந்தக் கறையே உங்களுக்குச் சாட்சி. இன்னும் கழற்றவில்லை என்றால், காரில் இருக்கும்போதே கைப்பம்பினால் அழுத்தச் சோதனை செய்து, அழுத்தமானியின் முள் இறங்குவதையும் கசியும் இடத்தையும் காணொளியாக எடுக்கச் சொல்லுங்கள். முன்னைய பட்டறையை நேரில் வந்து பார்க்குமாறு எழுத்து மூலம் அழையுங்கள். சரிசெய்யவோ மாற்றவோ விற்றவருக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும் என்பதே லெமன் சட்டத்தின் வரிசை.

இனி, நீங்கள் கேட்க விரும்பாததையும் சொல்ல வேண்டும். ‘விளக்கு எரிந்தது, தண்ணீர் ஊற்றி ஓட்டிவந்தேன்’ என்று அந்த முதலாளிக்கு நீங்களே வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறீர்கள். எச்சரிக்கை விளக்கைப் பார்த்த பிறகும் எல்லையைக் கடந்து ஓட்டியவர், அதற்குப் பிறகு ஏற்பட்ட சேதத்தைப் பிறர் தலையில் சுமத்துவது மிகக் கடினம். இழப்பைப் பெருகவிடாமல் தடுப்பது பாதிக்கப்பட்டவரின் பொறுப்பு. விளக்கு எரிந்த இடத்திலேயே நிறுத்தி இழுவை வண்டியை அழைத்திருந்தால், உங்கள் செலவு புது ரேடியேட்டரோடும் இழுவைக் கட்டணத்தோடும் முடிந்திருக்கலாம் என்றுதான் நடுவர் எண்ணுவார். அந்தச் செய்தியை அழிக்க நினைக்காதீர்கள். அவரிடம் அது இருக்கிறது, அழித்தால் உங்கள் மற்றச் சொற்களின் நம்பகத்தன்மையும் போய்விடும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். 800 வெள்ளியும் வேறு ரேடியேட்டரும் அவமதிப்பு அல்ல. மன்றத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியதற்கு அது வெகு அருகில் இருக்கிறது. அழுத்தச் சோதனை உங்களுக்குச் சாதகமாக வந்தால், அதைக் காட்டி 1,500 வெள்ளி வரை கேளுங்கள். பேச்சு 1,200 வெள்ளியில் முடிந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். நேரில் பேச மனமில்லை என்றால், பயனீட்டாளர் சங்கத்தின் சமரசப் பேச்சு வழியாகச் செல்லுங்கள். அதற்கும் அவர் வராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. உங்கள் தொகை அதன் 20,000 வெள்ளி வரம்புக்குள்தான் வருகிறது, 2 ஆண்டு காலக்கெடுவும் நெருக்கவில்லை.

சமரசத் தாளில் கையெழுத்திடும்போது ஒரு வரியைக் கவனியுங்கள். ‘இந்தக் கார் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் முடிந்தன’ என்று அவர் எழுதித் தருவார். அதை அப்படியே ஏற்றால், மாற்றித் தரும் ரேடியேட்டர் அடுத்த மாதமே ஒழுகினாலும் அந்தத் தாளையே உங்களிடம் நீட்டுவார். முடிந்தது பழைய ரேடியேட்டர் பற்றிய கோரிக்கை மட்டுமே என்றும், புதிதாகப் பொருத்தும் ரேடியேட்டருக்கான பொறுப்பு பொருத்திய நாளிலிருந்து தனியாகத் தொடரும் என்றும் தேதியோடு எழுதச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.