கவருக்குள்ள சுருண்ட வேரை வெட்டினா செடி செத்துடுமா?

கேள்வி: போன்சாய் (தட்டுல வளர்க்கற குட்டி மரம்) பண்ணலாம்னு நர்சரில 350 ரூபாய்க்கு ஒரு இச்சி (ஆல் சாதி மரம்) வாங்கினேன். கவரைக் கிழிச்சா மண்ணே தெரியல, வேர் வைக்கோல்பிரி மாதிரி சுத்திக்கிட்டு கெடக்கு. அப்படியே தட்டுல வைங்கங்கறார் நர்சரிக்காரர். வீடியோல மண்ணு பூரா கழுவச் சொல்றாங்க. எதைக் கேக்கறது?

ரெண்டையும் கேக்காதீங்க. மொதல்ல பயத்தை விடுங்க, இச்சி, ஆல், அரசு எல்லாம் சுவத்து வெடிப்புல ஒரு பிடி மண்ணு இல்லாம மொளைக்கற சாதி, மூணுல ஒரு பங்கு வேரை எடுத்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது. எடுக்காம விட்டாத்தான் தொல்லை. சுத்தின வேர் சுத்தினபடியே பருத்து, நாலஞ்சு வருஷத்துல அடிமரத்தையே கயிறு மாதிரி இறுக்கும், தண்ணி ஊத்தினா ஓரமாவே இறங்கிப் போயிடும், நடு உருண்டை காய்ஞ்சே கெடக்கும்.

ஆனா கத்திரி வெயில்ல கை வைக்க வேணாம், ஜூலை வரட்டும். சாயங்காலம், நிழல்ல, வேர் காயாம தண்ணி தெளிச்சுக்கிட்டே செய்ங்க. அடில பாய் மாதிரி படிஞ்சிருக்கறதை ரம்பத்தால அறுத்துடுங்க. ஓரத்துல இருக்கறதை ஒரு குச்சி வெச்சு, சிக்கெடுக்கற மாதிரி, உள்ளேந்து வெளிய இழுத்து விடுங்க. கீழ நோக்கிப் போற தடிவேரை வெட்டுங்க, பக்கவாட்டுல போற மெல்லிசு வேரை விட்டுடுங்க, சாப்பாடு எடுக்கறது அதுதான். பால் வடியும், துடைச்சு விட்டா போதும்.

மேல் மண்ணையும் ஒரு ரெண்டு விரக்கடை சுரண்டிப் பாருங்க. இங்கதான் எனக்குக் கோவம் வரும். சின்னக் கவர்ல ரெண்டு வருஷம் கெடந்த செடியை, சுருண்ட வேரோட அப்படியே பெரிய கவருக்குள்ள இறக்கி, மேல செம்மண்ணைக் கொட்டி, 80 ரூபாய் செடியை 350 ஆக்கிடுவாங்க, நடுவுல கை மாத்தி விடற ஏஜென்ட்டுக்கு செடி எத்தனை அடிங்கறது மட்டும்தான் கணக்கு. போன்சாய்க்கு அழகே அடிமரத்துலேந்து விரியற வேர், அது மண்ணுக்குள்ள புதைஞ்சு போயிருக்கும். விதை பாக்கெட்ல தேதி இருக்கு, செடி கவர்ல எப்ப மாத்தினாங்கன்னு ஒரு வரி கிடையாது, யாரும் கேக்கறதும் கிடையாது. அடுத்த தடவை வாங்கறப்ப தண்டைப் பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க, உள்ள உருண்டை தனியா ஆடிச்சுன்னா வெச்சுட்டு வந்துடுங்க. மேல கூழாங்கல்லை பசை போட்டு ஒட்டி ‘ரெடிமேட் போன்சாய்’னு விக்கறதை தொடவே தொடாதீங்க.

ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்கோங்க, காகிதப்பூவுக்கு இதைச் செய்யாதீங்க. அதோட வேர் நூல் மாதிரி, தொட்டா அறுந்துடும், கழுவினா மண்ணோட சேந்து வேரும் போயிடும். இச்சிக்கு நல்லா வந்துச்சேங்கற தைரியத்துல காகிதப்பூவைக் கழுவிட்டு, இலை பூரா கொட்டிடுச்சுன்னு வர்றவங்க எத்தனையோ பேர். அதுக்கு அடில ஒரு விரக்கடை மட்டும் அறுத்து, உருண்டையோட பக்கத்துல நாலு இடத்துல கத்தியால மேலேந்து கீழ ஒரு கீறல் போட்டு, உருண்டை உடையாம பெரிய தொட்டில வைங்க, மிச்சத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பழைய காகிதப்பூவோட அடிக்கட்டையைத் தோண்டிட்டு வந்து துளிர்க்க வைக்கறது வேற கதை.

வெட்டின இச்சியை உடனே தட்டுல வைக்காதீங்க, முதல் வருஷம் அகலமான மண் தொட்டி போதும். சலிச்ச செங்கல் ஜல்லி பாதி, மிச்சம் பெருமணலும் மக்கின எருவும். வெறும் கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) வேணாம், ஐப்பசி மழைல ஊறி வேர் அழுகிடும். தொட்டி ஓட்டை வழியா கம்பி விட்டு செடியை இறுக்கிக் கட்டுங்க, ஆடிக் காத்துல செடி ஆடினா புதுவேர் நுனி ஒடிஞ்சுக்கிட்டே இருக்கும். மூணு வாரம் நிழல், ஒரு மாசத்துக்கு உரம் கூடாது. கொஞ்சம் இலை மஞ்சளாகிக் கொட்டும், கொட்டட்டும்.

வெட்டறப்ப உள்வேர் கறுத்து, நாத்தம் அடிச்சா மட்டும் நிறுத்திட்டு ஒரு போட்டோ அனுப்புங்க.